மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில்: சயான் முதல் கிராண்ட் கேன்யன் வரை, கைக்குழந்தைகளோடும் தாத்தா பாட்டியோடும்

யூட்டா, அரிசோனா மாநிலங்களின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு இணையத்தில் கிடைக்கும் பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை முப்பது வயது ஜோடிக்காகப் போட்டவை. காலை ஒரு பூங்கா, மாலை ஒரு பூங்கா, நடுவில் 200 மைல் ஓட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இரண்டு, நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதே திட்டத்தில் இறங்கினால் இரண்டாம் நாள் மதியமே எல்லாம் குலைந்துவிடும். குழந்தையின் மதியத் தூக்கம், பாட்டியின் முட்டி, தாத்தாவின் மாத்திரை நேரம் மூன்றையும் முதலில் தாளில் எழுதுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் பள்ளத்தாக்கு.

பாலைவனம் இதற்கு ஒரு வகையில் ஒத்துழைக்கும். வெயில் ஏறிய பிறகு குழந்தைக்கும் ஆகாது, முதியவருக்கும் ஆகாது. ஆகவே இருவருக்கும் ஒரே கால அட்டவணை போதும்: காலை 6:30 முதல் 10:30 வரை வெளியே, 11 முதல் 4 வரை அறையிலோ ஓடும் வண்டியிலோ, 4:30 முதல் பொழுது சாயும் வரை மீண்டும் வெளியே. ஒரு வேளைக்கு ஒரு இடம்தான். கீழே உள்ளதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துப் போட்டது.

எப்போது போவது

ஏப்ரல் கடைசி முதல் மே நடு வரை. அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சயான் பள்ளத்தாக்கின் தரையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை வேறு. மதியத்துக்கு மேல் இடியும் திடீர் வெள்ளமும் வரும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கோடை விடுமுறைக் கூட்டத்தில் போய்ச் சிக்கவேண்டிய அவசியமே இல்லை.

பெற்றோர் சென்னையிலிருந்து இறங்கிய வாரத்திலேயே கிளம்பாதீர்கள். இரவு பகல் மாறிய உடம்பு பழைய நிலைக்கு வர ஒரு வாரமாவது வேண்டும். அதுவரை பாட்டி பின்னிரவு 2 மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பார். குழந்தையும் அவரோடு எழுந்துகொள்ளும்.

வழி: எட்டு இரவு, ஒன்பது பகல்

தொடக்கமும் முடிவும் லாஸ் வேகஸ். மொத்த ஓட்டம் 800 மைலுக்குச் சற்று மேல்.

1. லாஸ் வேகஸ், 1 இரவு. விமானம் இறங்கிய நாளில் ஓட்டாதீர்கள்.
2. ஸ்பிரிங்டேல், 2 இரவு. சயான் பூங்காவின் வாசலில் உள்ள ஊர். 160 மைல், நிற்காமல் போனால் இரண்டே முக்கால் மணி.
3. பிரைஸ் கேன்யன் வழியாக கனாப், 1 இரவு. பிரைஸுக்கு இரண்டு மணி, அங்கிருந்து கனாபுக்கு ஒன்றரை மணி.
4. பேஜ், 2 இரவு. கனாபிலிருந்து 75 மைல்.
5. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, 2 இரவு. சுமார் 135 மைல்.
6. லாஸ் வேகஸுக்குத் திரும்ப 280 மைல். பயணத்திலேயே நீண்ட ஓட்டம் இதுதான்.

இந்த வரிசைக்குக் காரணம் உயரம். லாஸ் வேகஸ் 2,000 அடி, ஸ்பிரிங்டேல் 3,900, கனாப் 5,000 அளவில், பிரைஸ் 8,000 முதல் 9,100 வரை, பேஜ் 4,300, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000. கடலோர ஊரிலிருந்து வந்த எழுபது வயதுக்காரருக்கு 8,000 அடியில் படுத்தால் தலைவலி, தூக்கமின்மை, மூச்சிரைப்பு வரலாம். பிரைஸைப் பகலில் பார்த்துவிட்டு கனாபில் இறங்கித் தூங்குவது அதற்காகத்தான். இதயம், நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் இந்த உயரங்களைச் சொல்லிக் கேட்கவேண்டும். ‘மலைக்குப் போகிறோம்’ என்று மட்டும் சொன்னால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார். கிராண்ட் கேன்யன் விளிம்பு கிட்டத்தட்ட அதே உயரம், பிரைஸ் அதைவிட உயரம்.

நாள் குறைவா? பேஜை வெட்டுங்கள். தூக்கத்தை வெட்டாதீர்கள்.

கிராண்ட் கேன்யனுக்கு வடக்கு விளிம்பும் உண்டு. குளிர்காலத்தில் அது மூடிவிடும். 2025 ஜூலையில் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. குழந்தை, முதியவர் இருக்கும் குழுவுக்குத் தெற்கு விளிம்புதான்.

முன்பதிவும் கட்டணமும்

கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் உள்ள விடுதிகளுக்கு 13 மாதம் முன்னாலேயே பதிவு திறக்கிறது. விளிம்பிலேயே அறை கிடைத்தால் மதியத் தூக்கத்துக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பலாம். பூங்காவுக்கு வெளியே டூசயான் ஊரில் தங்கினால் ஒவ்வொரு முறையும் நுழைவாயில் வரிசை. அறை பதியும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு உண்டா? இந்தப் பக்கத்து இரண்டு மாடி மோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. இடைக்கதவு இருந்தால் குழந்தை இரவு 7:30க்குத் தூங்கியபின் பெரியவர்கள் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பூங்காக் கட்டணம் ஒரு வண்டிக்கு ஏழு நாளுக்கு 35 டாலர், ஒவ்வொரு பூங்காவுக்கும் தனித்தனி. 2026 ஜனவரி 1 முதல் ஒரு பெரிய மாற்றம்: அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல். விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மா இதற்குள் வருவார்கள். இரண்டு பேர், மூன்று பூங்கா என்றால் 600 டாலர். வசிப்பவருக்கு 80, வசிக்காதவருக்கு 250 டாலரில் ஆண்டு பாஸ் இருக்கிறது. வசிப்பவரும் வசிக்காதவரும் கலந்த வண்டிக்கு எந்த பாஸ் எதை ஈடுசெய்யும் என்பதைப் பூங்காத் துறையின் தளத்தில் கிளம்புவதற்கு முன்பே பார்த்து முடிவுசெய்யுங்கள். வாசலில் நின்று வாதாட முடியாது. பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். தாத்தாவுக்கு கிரீன் கார்டு இருந்து வயது 62 ஆகியிருந்தால் கதையே வேறு: 20 டாலரில் ஓராண்டு மூத்தோர் பாஸ், 80 டாலரில் ஆயுள் பாஸ்.

வண்டி: எஸ்யூவி வேண்டாம்

நான்கு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் மினிவேன். சியன்னா, பசிஃபிகா, கார்னிவல் எதுவானாலும் சரி. பெரிய எஸ்யூவி பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பாட்டி அதில் ஏற ஒரு முக்காலி வேண்டும். மினிவேனின் தளம் தாழ்வு, கதவு பக்கவாட்டில் நகரும், நெருக்கமான பார்க்கிங்கிலும் குழந்தையை எடுக்கலாம்.

யார் எங்கே உட்காருவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு கார் சீட்டையும் நடு வரிசையில் பூட்டிவிட்டு, முட்டி வலிக்கும் பாட்டியைக் கடைசி வரிசைக்கு நுழைந்து போகச் சொல்வார்கள். இப்படி வையுங்கள்: முன்னால் ஓட்டுநரும் தாத்தாவும். நடுவில் பாட்டி ஒரு இருக்கை, பின்நோக்கிய கார் சீட்டில் சின்னது மற்றொரு இருக்கை. கடைசி வரிசையின் அகலப் பக்கத்தில் பெரிய குழந்தையும் அம்மாவும். குறுகிய பக்கத்தை மடக்கி அங்கே பெட்டிகள். கடைசி வரிசையில் கார் சீட்டுக் கொக்கி எந்த இருக்கையில் இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். வாடகை நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் பூட்டிப் பாருங்கள்; கொக்கி இல்லையென்றால் சீட் பெல்ட்டால் இறுக்கலாம். சீட்டின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது.

நெவாடாவில் 2 வயதுக்குக் கீழ் பின்நோக்கியே உட்கார வேண்டும். யூட்டாவிலும் அரிசோனாவிலும் 8 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம், உயரமான பிள்ளைக்கு மட்டும் விலக்கு. சொந்த கார் சீட்டை விமானத்தில் கொண்டுபோவதே நல்லது. வாடகைக்குக் கிடைப்பதன் வயதும் வரலாறும் உங்களுக்குத் தெரியாது.

கடிகாரம்: எல்லாரும் விழும் குழி

நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் போய்விடும். அரிசோனா கோடை நேரத்தைப் பின்பற்றுவதில்லை. ஆகவே மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை கனாபிலிருந்து பேஜுக்குப் போனால் அந்த ஒரு மணி திரும்பக் கிடைக்கும். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நேஷன், அதாவது நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலப்பகுதி, கோடை நேரத்தைப் பின்பற்றுகிறது. பேஜ் ஊர் எல்லையிலேயே இருப்பதால் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப மணி மாறி மாறிக் காட்டும். அங்கே கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்து ஃபீனிக்ஸ் என்று நீங்களே வையுங்கள். பேஜ் பக்கத்துச் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படிதான் ஓடும்.

குழந்தையின் தூக்கத்தை மட்டும் ஒன்பது நாளும் லாஸ் வேகஸ் நேரத்திலேயே விட்டுவிடலாம். ஒரு மணிக்காக அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சாப்பாடும் தண்ணீரும்

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கு. வண்டியில் எப்போதும் ஒரு நாள் இருப்பு கூடுதலாக. பூங்காக்களில் தண்ணீர் நிரப்பும் குழாய்கள் உண்டு. காற்று அவ்வளவு வறட்சி. வியர்ப்பதே தெரியாமல் காய்ந்துவிடும், தாகம் தெரியும்போது ஏற்கெனவே தாமதம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் வழக்கம். கடைசிக் கழிப்பறை எங்கே, அடுத்தது எத்தனை நிமிடத்தில் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் குடிப்பார்கள். உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் குளிர்பெட்டியில் இருந்தால் எல்லாருக்கும் இறங்கும். உப்பைக் குறைக்கச் சொன்னவர்களும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

அரிசி, பால், தயிர், டயப்பர் எல்லாம் செயின்ட் ஜார்ஜில் வாங்கிவிடுங்கள். லாஸ் வேகஸிலிருந்து 120 மைல், வழியில் உள்ள ஒரே பெரிய ஊர். புளியோதரை குளிர்பெட்டி இல்லாமலே மறுநாள் வரை தாங்கும். தயிர்சாதம் பனிக்கட்டியோடு அன்றே முடியவேண்டும். இட்லி முதல் நாளோடு சரி; பிறகு பொடியும் எண்ணெயும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத்தான்.

உயரத்தில் சமையல் வேறு. 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வெந்தது போலிருந்து நடுவில் அரிசியாக நிற்கும்; பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். பிரஷர் வகை மின் குக்கர் எடுத்துப் போங்கள், வழக்கமான நேரத்தைவிடச் சில நிமிடம் கூட வையுங்கள். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு சமையலறை உள்ள அறை கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான்.

சயான்

ஆண்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டி விடமாட்டார்கள். இலவச ஷட்டில் பேருந்து. பூங்கா வண்டி நிறுத்தம் காலையிலேயே நிரம்பும். ஆகவே ஸ்பிரிங்டேலில் அறைக்கு அருகிலேயே ஊர் ஷட்டில் ஏறி, நுழைவாயிலில் இறங்கி, பூங்கா ஷட்டில் மாறுங்கள். ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். ஒரே கையால் மடங்கும் இலகுவானதே தேவை. கார் சீட் கிடையாது, குழந்தை மடியில்தான்.

முதல் காலை: கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவுக்கு நேராகப் போய், அங்கிருந்து ரிவர்சைட் வாக். போக வர 2.2 மைல், தளம் போட்ட பாதை, ஏற்றம் மிகக் குறைவு. முதல் 0.4 மைல் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. பாட்டி அங்கேயே பெஞ்சில் உட்காரலாம், மற்றவர்கள் ஆறு வரை போய் வரலாம். ஆற்றில் குழந்தையை அளையவிடும் ஆசை வரும். வெர்ஜின் ஆற்றில் நச்சுப் பாசி பற்றிய எச்சரிக்கை அவ்வப்போது அமலில் இருக்கும். வாயில் தண்ணீர் போகும் வயதுக் குழந்தையை இறக்க வேண்டாம். பாதையில் அணில் வந்து கையை நீட்டச் சொல்லும். கடிக்கும்.

திரும்பும்போது ஐந்தாம் நிறுத்தமான சயான் லாட்ஜில் இறங்குங்கள். பெரிய புல்வெளி, நல்ல நிழல், கழிப்பறை, தின்பண்டம். ஓடியாட வேண்டிய குழந்தைக்கும் காலை நீட்ட வேண்டிய தாத்தாவுக்கும் இந்தப் பூங்காவிலேயே சிறந்த இடம் இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு. மாலையில் நுழைவாயிலருகே உள்ள பா’ரஸ் பாதை. தளம் போட்டது, ஸ்ட்ரோலர் சீராக ஓடும், ஆனால் நிழல் குறைவு என்பதால் வெயில் தாழ்ந்த பிறகு மட்டும்.

பிரைஸ்

சயானிலிருந்து கிழக்கே ஏறும் சாலை கொண்டை ஊசி வளைவுகள் வழியாக 1930இல் முடிந்த 1.1 மைல் சுரங்கத்துக்குள் நுழையும். வளைவுகளுக்கு முன்பு பால் கொடுக்காதீர்கள், முக்கால் மணி இடைவெளி விடுங்கள். சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது. குழந்தையிடம் முன்பே சொல்லிவைத்தால் அழாது.

பிரைஸில் மட்டும் நண்பகல் விதி தளரும், உயரத்தால் குளிர்ச்சி. சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் இடையே அரை மைல் விளிம்புப் பாதை தளம் போட்டது. பெரியவர்கள் அதில் மெதுவாக, பத்து அடிக்கு ஒருமுறை நின்று நடக்கட்டும். இளையவர் இருவரில் ஒருவர் பள்ளத்துக்குள் இறங்கும் நவஹோ லூப் பாதையில் போய்விட்டு வரலாம்; 550 அடி ஏறித் திரும்ப வேண்டும், தோளில் குழந்தையோடு வேண்டாம். மே மாதத்திலும் இங்கே காலையில் உறைகுளிர் இருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள், அடியில் அல்ல.

பேஜ்

ஹார்ஸ்ஷூ பெண்ட் என்பது கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைவதை மேலிருந்து பார்க்கும் இடம். போக வர 1.5 மைல், சீரான சரளைப் பாதை. நிழல் கிட்டத்தட்ட இல்லை. ஸ்ட்ரோலரின் சக்கரம் பெரிதாக இருக்கவேண்டும். பார்க்கிங் கட்டணம் தனி, பூங்கா பாஸ் செல்லாது. காலை 7:30க்கு முன் போய்விடுங்கள். விளிம்பின் ஒரு பகுதிக்கு மட்டுமே கைப்பிடிக் கம்பி உண்டு, மற்ற இடமெல்லாம் நேராக ஆயிரம் அடி. கம்பிப் பக்கம் மட்டும் நில்லுங்கள். குழந்தை ஸ்ட்ரோலரில் பட்டை போட்டபடியோ முன்பக்கக் கேரியரிலோ இருக்கட்டும், தரையில் வேண்டாம்.

ஆன்ட்டிலோப் கேன்யன் குறுகிய பாறைப் பிளவுப் பள்ளத்தாக்கு; அப்பர், லோயர் என்று இரண்டு பகுதி. நவஹோ நிலம். நவஹோ வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். லோயர் என்பது செங்குத்தான இரும்புப் படிகள், பாட்டிக்கு ஆகாது. அப்பர் தரை மட்டமானது. ஆனால் மணலில் லாரி குலுங்கிப் போகும், திரும்பும் வழியில் வெளியே படிகளும் சரிவும் உண்டு. பதியும்போதே கேளுங்கள்: லாரியில் கார் சீட் வேண்டுமா, முன்பக்கக் கேரியர் அனுமதியா? ஸ்ட்ரோலரும் முதுகில் மாட்டும் சட்டகக் கேரியரும் உள்ளே விடமாட்டார்கள். வேறெங்கோ பெய்த மழை இங்கே சுவர்போல் வரும். 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி லோயர் கேன்யனில் வெள்ளத்தில் 11 பேர் இறந்தபோது அங்கே பெய்த மழை மிகக் குறைவு. வழிகாட்டிகள் சுற்றுலாவை ரத்துசெய்தால் தர்க்கம் செய்யாதீர்கள்.

எங்களைக் கேட்டால் குழுவைப் பிரித்துவிடுங்கள். இருவர் அப்பருக்குப் போகட்டும், மற்றவர்கள் கிளென் கேன்யன் அணைக்கட்டுப் பக்கம் நிழலில் இருக்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்கவேண்டும் என்ற பிடிவாதம்தான் இத்தகைய பயணங்களில் சண்டைக்கு முதல் காரணம்.

கிராண்ட் கேன்யன்

பேஜில் பெட்ரோல் நிரப்பி, எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த நம்பகமான நிறுத்தம் 80 மைல் தள்ளி கேமரன். 1916 முதல் இருக்கும் வணிக நிலையத்தில் உணவகமும் கழிப்பறையும் உண்டு. அங்கிருந்து மேற்கே 3,000 அடி ஏறினால் டெசர்ட் வியூ என்ற காட்சிமுனை. கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் முடிந்த 70 அடிக் காவற்கோபுரம் அங்கே உண்டு. முதல் பார்வைக்கு, பார்வையாளர் மையத்தருகே உள்ள மேதர் பாயின்ட்டைவிட இது நல்லது, கூட்டம் குறைவு.

மறுநாள் காலை யவப்பாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமம் நோக்கி விளிம்புப் பாதையில் நடங்கள். தளம் போட்டது. வழியில் காலத்தின் பாதை என்று ஒன்று: ஒரு மீட்டர் நடந்தால் பூமியின் வரலாற்றில் பத்து லட்சம் ஆண்டு. தாத்தாக்கள் இதில் சிக்கினால் நகரமாட்டார்கள். தண்ணீரோடு அங்கேயே விட்டுவிடலாம்.

கிராமத்திலிருந்து மேற்கே விளிம்போரம் போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை ஷட்டில் மட்டும். நடக்க முடியாதவர் வண்டியில் இருந்தால் நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ அணுகல் அனுமதிச் சீட்டு கேளுங்கள். சொந்த வண்டியிலேயே போகலாம். இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விளிம்பு விதி ஒன்றுதான்: ஆறடி தள்ளி. கம்பி பல இடங்களில் இல்லை, இருக்கும் இடத்திலும் இரண்டு வயதுக் குழந்தை இடையில் நுழையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘இப்போது குழந்தை யார் பொறுப்பு’ என்று ஒருவர் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். நான்கு பெரியவர் இருக்கும்போது மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நால்வரும் நினைப்பதுதான் ஆபத்து. அந்த ஒருவர் கேமரா தொடக்கூடாது. பாட்டிக்கு ரப்பர் செருப்பும் தரை புரளும் புடவையும் வேண்டாம். பிடிப்புள்ள ஷூ, கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடை.

மருந்துப் பை

இன்சுலினை நிறுத்திய வண்டியில் விடாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும். குழந்தையையும் ஒரு நிமிடம்கூட அதில் விடாதீர்கள். ஓஆர்எஸ் பொடி 12 பாக்கெட், காய்ச்சல் மருந்து எடைக்கணக்கோடு, வாசலின். வறட்சியில் மூக்கிலிருந்து ரத்தம் வருவது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சகஜம், இரவில் நாசித்துவாரத்தில் லேசாகத் தடவினால் குறையும். அறையில் ஈரத்துண்டு ஒன்றைக் காயப்போடுங்கள்.

பெரிய மருத்துவமனைகள் செயின்ட் ஜார்ஜிலும் ஃபிளாக்ஸ்டாஃபிலும். சிறியவை கனாபிலும் பேஜிலும். பெற்றோரின் விசிட்டர் காப்பீட்டு அட்டை, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம் மூன்றையும் தாளில் அச்சடித்து வண்டியிலேயே வையுங்கள். சயான் பள்ளத்தாக்கிலும் கேமரன் பக்கமும் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள்

280 மைலை மூன்றாக வெட்டுங்கள்: வில்லியம்ஸ் வரை ஒரு மணி, காலை உணவு, கிங்மேன் வரை குழந்தையின் முதல் தூக்கம், அங்கே பூங்காவில் ஓடவிட்டுச் சாப்பாடு, பிறகு லாஸ் வேகஸ். பொழுது விடிந்த பிறகே கிளம்புங்கள், கிராண்ட் கேன்யன் சாலையில் அந்தியிலும் விடியலிலும் எல்க் மான்கள் குறுக்கே வரும். வாடகை வண்டியை ஒப்படைக்குமுன் கார் சீட்டுக்கு அடியில் கையைவிட்டுப் பாருங்கள். பாட்டியின் கண்ணாடி அங்கேதான் இருக்கும்.